காத்திருந்ததுக்கு மதிப்பெண் கிடையாது

செப்டம்பர் 3, செவ்வாய்

சாலை அலுவலகத்தில் இன்று ஆறு அழைப்புகள். ஐந்து சாலைக் குழி பற்றி. ஆறாவதாகக் கூப்பிட்டவருக்கு வேண்டியது தண்ணீர் அலுவலகமாம். பதினைந்து நிமிடம் திட்டி முடித்த பிறகுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஒரு சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பருவத்தின் முதல் பந்தய முடிவுகள் வந்திருந்தன. பெண்கள், ஐந்து கிலோமீட்டர், நூற்றுப் பன்னிரண்டு பேர். என்னவோ பண்டிகைப் பலகாரம் வந்த மாதிரி ஒரு சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஐம்பத்தேழு வயதில்.

இந்த வட்டாரப் பள்ளிகளில் கிராஸ் கன்ட்ரி ஓடும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பதினான்கு வருடமாக மதிப்பெண் போடுகிறேன். யாரும் கேட்டுத் தொடங்கவில்லை. மைதானத்தில் சுற்றி ஓடினால் கடிகாரமே போதும். காட்டிலும் மேட்டிலும் ஓடுகிறவளுக்குக் கடிகாரம் என்ன சொல்லும்? ஓர் ஊரில் மணல், ஓர் ஊரில் மேடு, ஓர் ஊரில் பாதையை அளந்தவன் சோம்பேறி. அதனால் ஏற்கெனவே மதிப்பெண் உள்ள பெண்கள் அன்று தங்கள் வழக்கத்தைவிட எவ்வளவு தாமதம் என்று பார்ப்பேன். அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்பவள் முப்பது விநாடி தாமதம் என்றால் பாதை முப்பது விநாடி கடினம். அதை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இருபது நிமிடத்துக்கு நூறு மதிப்பெண். இரண்டு விநாடிக்கு ஒன்று கூடும், குறையும்.

'ஒருத்தி பொய் சொல்லலாம், கூட்டம் பொய் சொல்லாது.' என் இணையப் பக்கத்தின் தலையிலேயே இதைத்தான் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

இரண்டு பந்தயங்கள். இருநூற்று நாற்பது பெயர்கள். பேசியது யாரிடமும் இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

டுவெய்ன் கூப்பிட்டார். கார்லாக் ஏரிப் பள்ளியில் பஸ் ஓட்டுகிறவர், அங்கே பயிற்சியாளரும் அவரேதான். அந்தப் பள்ளியில் மொத்தமே எழுபது பிள்ளைகள். பெண்கள் அணி என்று இருப்பது ஒரே ஒருத்தி. ஐவி லாஹ்டி, பதினோராம் வகுப்பு.

"அணின்னா ஏழு பேர் வேணும் மார்லிஸ். எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. மீதி ஆறு பேருக்கு நான் என் பஸ்ஸையா ஓட விட முடியும்?"

"அவ மதிப்பெண் தொண்ணூத்தெட்டு. நல்லாத்தான் ஓடறா."

"இறுதிப் போட்டிக்குப் போவாளா?"

"பட்டியல் சொல்லும்."

"உன் வாயில ஒரு நல்ல வார்த்தை வந்துட்டா ஏரி வத்திடும்" என்று வைத்துவிட்டார்.

அணியாகத் தேறாத பள்ளிகளிலிருந்து இறுதிப் போட்டிக்குத் தனியாக ஒரே ஒரு பெண்ணை எடுப்பார்கள். யாரை என்பதற்கு வட்டாரக் குழு பார்ப்பது என் பட்டியலை. கடைசி மூன்று பந்தயங்களின் சராசரி. குழுத் தலைவர் லைலுக்கு இதில் பெரிய நிம்மதி, எந்தப் பெற்றோர் சண்டைக்கு வந்தாலும் என் பக்கம் கையைக் காட்டிவிடலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஹெல்மிக்கு இன்று இருபத்தெட்டு முடிகிறது. காலையில் வாழ்த்து அனுப்பினேன். மதியம் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

எனக்கும் என் மகளுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை என்றால் சமாதானம் ஆகலாம். டுலூத்தில் இருக்கிறாள், நாலரை மணி நேரம்தான். இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. வேலை, அம்மா. பனி, அம்மா. அடுத்த மாதம் பார்க்கலாம், அம்மா. அவள் அப்பா ராய் அரிசோனாவில் புது மனைவியோடு வெயில் காய்கிறார், அங்கே மட்டும் வருடம் ஒரு தடவை விமானம் பறக்கிறது.

போகட்டும். ஐவி இந்த வாரம் தொண்ணூற்றொன்பது.

அக்டோபர் 5, சனி

நாள் முழுக்க மழை. கடையில் வாங்கிய, இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டியைச் சூடு பண்ணித் தின்றேன். உள்ளே டர்னிப் போடவில்லை. டர்னிப் இல்லாமல் பாஸ்டி செய்கிறவர்களை வட்டாரத்தை விட்டே துரத்த வேண்டும். சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

டார்சி சடோஸ்கி 105. எங்கள் ஊர்ப் பள்ளிப் பெண். போன வாரம் 104. தனி இடம் அவளுக்குத்தான் போகும் போலிருக்கிறது. ஐவிக்கு ஐந்தாறு மதிப்பெண் பின்னால்.

அக்டோபர் 12, சனி

ஜாக்பைன் சமவெளிப் பந்தயம். பருவத்தின் கடைசி. முடிவுகள் மூன்று மணிக்கே வந்துவிட்டன.

முதலில் ஒரு தொல்லை. எங்கள் பள்ளிப் பெண்கள் ஒன்பது பேர் ஒரே நேரத்தில் வந்ததாகப் போட்டிருக்கிறது. 20:51, 20:51, 20:52, 20:52, 20:52... டார்சியும் அதில். இன்னும் இரண்டு பள்ளிகளுக்கும் இதே கதை. ஓடுகிறவர்கள் காலில் கட்டும் பட்டியை எண்ணும் கருவி தூங்கிப்போய், ஒரேயடியாக விழித்து எல்லோரையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். தண்டம். இருந்தாலும் சில விநாடிகள்தானே முன்பின் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கணக்குப் போட்டால் நடுவில் நிற்பவள் இருபத்தெட்டு விநாடி தாமதம். நேற்று முன்தினம் மழை. அப்படியானால் சேறு. எல்லோருக்கும் பதினான்கு மதிப்பெண் திருப்பிக் கொடுத்தேன். டார்சிக்கு 88, பாவம், உடம்பு சரியில்லை போல.

ஐவி லாஹ்டி: 20:04. சேற்றில்! 112.

இரண்டு முறை சரிபார்த்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் முறையும் பார்த்தேன். சராசரி 103. டார்சிக்கு 99. எழுபது பிள்ளைகள் இருக்கும் பள்ளியிலிருந்து, தனியாகப் பயிற்சி எடுத்து, பஸ்காரர் கையில் கடிகாரத்தோடு நிற்க, ஒருத்தி மேலே வருகிறாள். இதைக் கண்டுபிடிக்கத்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன். நானில்லாமல் இவளை யார் பார்த்திருப்பார்கள்?

அக்டோபர் 13, ஞாயிறு

டுவெய்ன் போனில் கத்தினார். "நூத்திப் பன்னெண்டா? அடியே மார்லிஸ், நூத்திப் பன்னெண்டா? சேறுன்னு அவ சொல்லவே இல்லியே எங்கிட்ட. அந்தப் பொண்ணுக்கு எதுவுமே கஷ்டமாத் தெரியாது போல!"

எனக்கும் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தேன். சமையலறையில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

கார்லி வந்திருந்தாள். அலுவலகத்துக்கு.

ஹெல்மியோடு ஒரே வகுப்பில் படித்தவள், ஒரே அணியில் ஓடியவள். ஓடியவள் என்பது மரியாதைக்கு. பின்னாலிருந்து எண்ணினால் சீக்கிரம் வருவாள். இப்போது எங்கள் பள்ளிக்கு அவள்தான் பயிற்சியாளர். நாலு வருடமாக ஒரே ஊரில் இருக்கிறோம், கடையில் பார்த்தால் தலையை ஆட்டுவாள். குழி பற்றிய புகாராக இருக்கும் என்று படிவத்தை எடுத்தேன்.

"குழி இல்ல மிஸஸ் கோட்டிலா. உங்களத்தான் பாக்க வந்தேன்."

மேஜை மேல் ஒரு ரிப்பனை வைத்தாள். மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் அழுக்கு.

"சனிக்கிழமை பந்தயத்துல சேறு இல்ல. நடுவுல இருந்தவங்க மெதுவா ஓடினாங்க. வேணும்னே."

புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். அணியில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அதுதான் கடைசிப் பந்தயம். அவள் எவ்வளவு மெதுவானவளாக இருந்தாலும் அன்றைக்கு அணியே அவளோடு ஓடும். எல்லோர் தலையிலும் ஒரே நிற ரிப்பன். முடிக்கும் இடத்தில் கை கோத்துக்கொள்வார்கள். எங்கள் பள்ளி தொடங்கியது, இப்போது ஜாக்பைனில் மூன்று பள்ளிகள் செய்கின்றன.

"நீங்க இப்பல்லாம் ஓட்டம் பாக்க வரதில்லல்ல. வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"டார்சிக்கு அந்த இடம் போகணும்னு வந்தியா?" கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"இல்ல. டார்சி தெரிஞ்சுதான் நின்னா. போனா போகட்டும்னுட்டா. உங்க கணக்கு தப்புன்னு சொல்லத்தான் வந்தேன்."

வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "இது எப்படித் தொடங்கிச்சுன்னு கேக்கலியே நீங்க."

நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "ஹெல்மி எனக்காக நின்னாளே, அதுலேருந்துதான்."

அக்டோபர் 16, புதன்

என்ன செய்யச் சொல்கிறாள்? ஓடிய பந்தயம் எல்லாம் கணக்கு. இதுதான் விதி. காய்ச்சல், காதல் தோல்வி, செருப்புக் கடி, ரிப்பன் — ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தால் கணக்கு எங்கே நிற்கும்? பதினான்கு வருடத்தில் ஒரு பந்தயத்தைக் கூட நான் எடுத்ததில்லை. ஒன்றைக் கூட.

சேறு இருந்திருக்கும். மழை பெய்ததே.

அக்டோபர் 17, வியாழன்

2008 பட்டியலைத் திறந்தேன். திறக்கக் கூடாது என்று ஒரு மாதிரி தெரிந்தே திறந்தேன்.

ஹெல்மி கோட்டிலா. 101. 102. அப்புறம் ஜாக்பைன்: 84.

அன்றைக்கு நான் பாதை ஓரத்தில் கையில் கடிகாரத்தோடு நின்றேன். கார்லிக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. அது அவளுடைய கடைசி ஓட்டம். இரண்டாவது மைலில் ஹெல்மி வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்த்து, நின்றே விட்டாள். நான் கத்தினேன். "ஓடுடி! ஓடு! மணி போவுது!" அவள் என்னைப் பார்த்தாள். கார்லி வந்து சேர்ந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தாள்.

வீட்டுக்கு வரும்போது காரில் சொன்னாள்: "கார்லிக்காகக் காத்திருந்தேம்மா. அந்த ஒண்ண மட்டும் எடுத்துடேன். இடம் போயிடும்."

நான் சொன்னேன்: "காத்திருந்ததுக்கெல்லாம் மதிப்பெண் கிடையாது."

சராசரி 95.7. இடம் போனது 96.3-க்கு. சொந்த மகள் என்றும் பார்க்காமல் நேர்மையாக நின்றேன் என்று லைல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊர்ப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. அதை வெட்டி வைத்திருக்கிறேன். இன்னும் இருக்கிறது, மேல் இழுப்பறையில். தூ.

அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. நானும் ஓட்டம் பார்க்கப் போவதை நிறுத்தினேன், தாள் போதும் என்று. யாரைத் தண்டித்தேன்? என்னையா, அவளையா?

அக்டோபர் 18, வெள்ளி

அரை நாள் விடுப்பு போட்டேன். அலுவலகத்து அளவுச் சக்கரத்தை வண்டியில் போட்டுக்கொண்டு ஜாக்பைன் போனேன். பாதை முழுவதையும் நடந்தேன். ஐயாயிரத்துப் பதினொரு மீட்டர். அளவில் குற்றமில்லை.

சேறும் இல்லை. ஒரு காலடி கூட அழுந்தவில்லை. முழுக்க மணல். இந்த மணலில் மழை விழுந்தால் மறுநாள் காலைக்குள் கீழே இறங்கிவிடும், தேங்காது. இது யாருக்குத் தெரியும்? முப்பது வருடமாகச் சாலை அலுவலகத்தில் மண் வகை எழுதிக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியும். என் கையாலேயே வரைந்த மண் வரைபடம் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

முடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேலிக் கம்பியில் ஒரு ஊதா ரிப்பன் மாட்டியிருந்தது. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் இருக்கும். அழுதேன், எழுதுவதற்கென்ன.

அவர்கள் அன்பாக ஓடியிருக்கிறார்கள். நான் அதைச் சேறு என்று கணக்கில் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 19, சனி

நாளை மாலை ஆறு மணிக்குள் பட்டியல் லைலிடம் போக வேண்டும்.

ஜாக்பைனைக் கணக்கிலிருந்து எடுத்தால் ஐவியின் இடம் பறிபோகும். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கூடவே ஓட யாரும் இல்லாததால் தன் வேகத்தில் ஓடினாள், அவ்வளவுதான். இந்தக் கூட்டத்திலேயே தனி ஆள் அவள். அவளிடமிருந்தா பிடுங்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டால் கார்லியைத் தவிர யாருக்கும் தெரியாது. கார்லியும் ஊரைக் கூட்டுகிறவள் இல்லை.

எடுத்தால் இன்னொன்றும் இருக்கிறது. இன்றைக்கு எடுக்க முடியும் என்றால் அன்றைக்கும் எடுத்திருக்க முடியும்.

ரெண்டு நாளா சுத்திச் சுத்தி இதுலதான வந்து நிக்கறே மார்லிஸ். ஐவி ஐவின்னு எதுக்குடி அந்தப் பொண்ணு முதுகுக்குப் பின்னால ஒளியறே?

அக்டோபர் 20, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்கு அனுப்பினேன். ஜாக்பைன் பந்தயம் முழுவதையும் எடுத்துவிட்டேன். அதற்கு முந்திய மூன்றைச் சேர்த்தால் டார்சி 104, ஐவி 98. டார்சிக்கு இடம்.

இணையப் பக்கத்திலும் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை: 'இந்தப் பந்தயத்தில் பல பெண்கள் தோழிகளுக்காக மெதுவாக ஓடினார்கள். நான் பாதை கடினம் என்று எடுத்துக்கொண்டேன். நேரில் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிழை என்னுடையது. ஐவி லாஹ்டிக்கு நான் கொடுத்த 112 அவள் கேட்டு வாங்கியதல்ல. மன்னிப்புக் கேட்கிறேன்.'

தலைப்பில் இருந்த வாசகத்தையும் அழித்தேன். வேறொன்று எழுத வரவில்லை. காலியாக இருக்கிறது.

லைல் கூப்பிட்டார். "பதினாலு வருஷம் ஒரு எழுத்து மாத்தினதில்ல. இப்ப என்ன வந்துச்சு உனக்கு? இனிமே எல்லா அப்பன்காரனும் வந்து நிப்பான், எம்பொண்ணுக்கு ஜலதோஷம், அதையும் எடுன்னு."

"வரட்டும். கேட்டுக்கறேன்."

"இந்தப் பட்டியலை நம்பலாமா நம்பக் கூடாதா, அதச் சொல்லு மொதல்ல."

"அஞ்சு மதிப்பெண் அப்படி இப்படி இருக்கும் லைல். எப்பவுமே இருந்திருக்கு. நான் சொன்னதில்ல."

"அப்ப டார்சிக்கும் ஐவிக்கும் நடுவுல இருக்கறதே அவ்வளவுதானே" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

டுவெய்ன். எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"காலைல பஸ்ல ஏறினா. எப்பவும் எனக்குப் பின்னால முதல் சீட்ல உக்காருவா. இன்னைக்குக் கடைசி சீட்டுக்குப் போயிட்டா. அத நீ கணக்குல எங்க எழுதுவே?"

போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"கொடுக்காமயே இருந்திருக்கலாம் நீ. கொடுத்துட்டுப் புடுங்கறது இருக்கே..." பிறகு அவர் வேறென்னவோ சொன்னார். அதை எழுத வேண்டாம். எல்லாம் சரிதான் அவர் சொன்னது.

அக்டோபர் 23, புதன்

ஐவியே மின்னஞ்சல் எழுதியிருக்கிறாள். திரும்பத் திரும்பப் படித்தாகிவிட்டது.

'மிஸஸ் கோட்டிலா, கோச் உங்களைத் திட்டினதாகச் சொன்னார். நான் திட்டச் சொல்லவில்லை. தப்பான மதிப்பெண்ணில் ஓடப் போய்க் கடைசியாக வந்தால் அதுவும் அசிங்கம்தானே. இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, என் உண்மையான மதிப்பெண் என்ன? இன்னொன்று கேள்வி இல்லை. அன்றைக்கு ரிப்பன் கட்டினவர்கள் எல்லோரையும் நான் ஒவ்வொருத்தராகத் தாண்டிப் போனேன். அவர்கள் பாடிக்கொண்டு ஓடினார்கள். எனக்கும் காத்திருக்க யாராவது இருந்திருந்தால் நானும் காத்திருந்திருப்பேன். அதை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.'

பதினாறு வயது.

மூன்று பதில்கள் எழுதி அழித்தேன். நாலாவதை அனுப்பினேன்: 'உன் உண்மையான மதிப்பெண் எனக்குத் தெரியாது, ஐவி. தொண்ணூற்று மூன்றிலிருந்து நூற்று மூன்றுக்குள் எங்கேயோ. நான் இதுவரை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. நீ எழுதிய கடைசி வரி எனக்குத் தெரிந்தவரை உண்மை.'

அக்டோபர் 26, சனி

இனிமேல் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலும் 'ஐந்து முன்பின்' என்று போடப் போகிறேன். பழைய வருடங்களிலும் போட்டுக்கொண்டே பின்னால் போனேன். 2015, 2012, 2010. அப்படியே 2008 வந்தது.

ஹெல்மியின் வரியில் 84-ஐ அழித்தேன். கட்டம் காலியாக இருந்தது. விசைப்பலகை மேல் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அதில் எழுதினேன்: காத்திருந்தாள்.

யாருக்கும் சொல்லவில்லை. பதினொரு வருடத்துக்கு முந்திய பட்டியலை யார் பார்க்கப் போகிறார்கள்.

நவம்பர் 2, சனி

இறுதிப் போட்டிக்குப் போனேன். பதினொரு வருடம் கழித்து. காலில் என்ன போடுவது என்று கூட மறந்துபோய் அலுவலகச் செருப்போடு போய் நின்றேன். ஆலங்கட்டி மாதிரி மழை. விரல் விறைத்துவிட்டது.

டார்சி நாற்பத்தொன்றாவதாக வந்தாள். நன்றாகவும் இல்லை, மோசமும் இல்லை. நூற்று நாலுக்கு ஏற்ற இடம்தான். கார்லி அவளைப் போர்வையில் சுற்றிக் கூட்டிப் போனாள், என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். இந்தத் தடவை கொஞ்சம் நின்று ஆட்டினாள்.

ஐவியும் வந்திருந்தாள். டுவெய்ன் காலிப் பஸ்ஸில் அவளை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அவள் வேலியோரம் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். மூக்கு சிவந்திருந்தது.

"நேரம் குறிச்சுக்கலியா நீங்க?"

"இன்னைக்கு இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"பாக்க."

கடைசியாக வந்த பெண்ணுக்கும் முந்தியவளுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் இடைவெளி. எல்லோரும் காருக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அந்தப் பெண் வரும்போது ஐவி கத்திய கத்தில் என் காது அடைத்துக்கொண்டது. எனக்குக் கத்த வரவில்லை. கை தட்டினேன்.

நவம்பர் 9, சனி

ஹெல்மியிடமிருந்து ஒரு வார்த்தை. 'பார்த்தேன்.'

எதை என்று இல்லை. 2008 பட்டியலைக் கார்லி அனுப்பியிருக்க வேண்டும். 'சரி' என்று பதில் போட்டேன். அப்புறம் 'மன்னிச்சுக்கோ' என்று இன்னொன்று. அதற்கு எதுவும் வரவில்லை. கட்டைவிரல் கூட.

நவம்பர் 10, ஞாயிறு

எதுவும் வரவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

மான் வேட்டை இன்று தொடங்குகிறது. ஊரில் ஆம்பளை ஒருத்தர் இல்லை, பாதிப் பொம்பளையும் இல்லை. அலுவலகத்தில் நான் மட்டும். ஒரே ஒரு அழைப்பு, அதுவும் தவறான எண். அந்த அம்மாவை வைக்க விடாமல் ஐந்து நிமிடம் வானிலை பேசினேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

ஹெல்மி கூப்பிட்டாள். குரல்! முதலில் யார் என்று தெரியாமல் "சாலை அலுவலகம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"நன்றித் திருநாளுக்கு வரலாம்னு இருக்கேன். புதன்கிழமை கிளம்புவேன். பாஸ்டி செய்வியா?"

"டர்னிப் போட்டு."

"டர்னிப் போடாம அது என்ன பாஸ்டி?"

அவ்வளவுதான். வைத்துவிட்டோம்.

நவம்பர் 27, புதன்

காலையிலிருந்து பனிப்புயல். இருக்கிற எல்லாப் பனி வண்டிகளையும் வெளியே அனுப்பிவிட்டோம், இரண்டு வண்டிகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. நாலு மணிக்கு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். டுலூத் பக்கம் இன்னும் மோசம். வர மாட்டாள், பனி என்பாள் என்று நினைத்துக்கொண்டே மாவு பிசைந்தேன்.

ஆறு மணிக்குச் செய்தி வந்தது. ஏதோ பெட்ரோல் பங்கில் நின்று அனுப்பியிருக்கிறாள்.

'பாதி தூரம்கூட வரல. ஊர்ந்துதான் வரேன். நீ சாப்பிட்டுப் படு. சாவியை மட்டும் வெளியில வை.'

'மெதுவா வா. காத்திருக்கேன்' என்று எழுதினேன். அனுப்பிய பிறகுதான் என்ன வார்த்தை எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன்.

திரையில் மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன. மறுபடி தோன்றின.

'அதுக்கு மதிப்பெண் கிடையாதே' என்று வந்தது.

சிரிக்கிறாளா, குத்துகிறாளா, தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வாசல் விளக்கைப் போட்டேன். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் கார் நிற்க இடம் வேண்டும், பனியை அள்ள வேண்டும்.